பதினைந்துக்குக் கீழே

முதல் வாரம் நான் எழுதிய கணினி நிரலில் ஊரிலுள்ள எல்லா வீடுகளின் பரப்பளவும் பூச்சியம் என்று வந்தது.

தொண்ணூறாயிரம் கட்டடங்கள். திரையில் வரிசை வரிசையாகப் பூச்சியங்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த இசக்கிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"மேடம், இங்கன வந்து பாருங்க. தூத்துக்குடியில ஒருத்தனுக்கும் வீடு இல்லன்னு ஆக்கிட்டா இந்தப் பிள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஹேமலதா மேடம் சிரிக்காமல் வந்து என் திரையைப் பார்த்தாள். மேடம் என்றாலும் எங்களைவிட நான்கைந்து வயதுதான் கூட. கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஒன்பது பேருக்கும் அவள்தான் பொறுப்பு.

"தப்பில்ல லீதியா, எல்லாரும் பண்றதுதான். உன்ற புள்ளியெல்லாம் இன்னும் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில இருக்குது. ஒரு வீட்டை டிகிரியில அளந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். பூமி உருண்டை. முதல்ல அதைத் தட்டையா விரிச்சு மீட்டருக்கு மாத்து, அப்புறம் அள."

ஒரே ஒரு வரி சேர்த்தேன். பூச்சியங்கள் மறைந்து எண்கள் வந்தன. நூற்றிருபது, எழுபத்தெட்டு, இருநூற்றுப் பத்து. வெறும் கோடுகளாக இருந்தவை அந்த நிமிடத்தில் வீடுகளானது போல இருந்தது.

நான் பத்தாம் வகுப்புப் பாதியில் நின்றவள். அம்மா உப்பளத்தில் இரண்டாவது முறை மயங்கி விழுந்த மாதம் நின்றேன். அவள் இடத்தில் நான் உப்பு வாரப் போனேன். சாயங்காலங்களில் கைப்பேசியில் இலவசப் பாடம் பார்த்து நிரல் எழுதப் பழகினேன். உடைந்த திரையில் தட்டச்சு செய்ய முடியாததால் ஒவ்வொரு நிரலையும் நோட்டில் எழுதி, அது ஓடினால் என்ன வரும் என்று மனதிலேயே ஓட்டிப் பார்ப்பேன். இந்த நிறுவனம் சான்றிதழ் கேட்கவில்லை. கைப்பேசியில் ஒரு புதிர்த் தேர்வு வைத்தது, அவ்வளவுதான். முகவரி கேட்ட இடத்தில் மட்டும் ஆசிரியர் காலனியிலுள்ள அத்தை வீட்டு முகவரியை எழுதினேன். தபால் ஏதும் வந்தால் அங்கேதான் ஒழுங்காகச் சேரும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வேலை இதுதான். வெயில் காலத்தில் நகரத்தைக் காப்பாற்ற 'நிழல்' என்று ஓர் ஏற்பாடு. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து உடல் தாங்காத அளவை எட்டும் நாட்களில் யாரும் வெளியே வரக்கூடாது. ஓட்டுநர் இல்லாத குளிர்வண்டிகள் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்பதை வரைபடம் முடிவு செய்யும். அந்த வரைபடத்தை நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

"போன் பண்ணிக் கூப்பிட்டா வராதா மேடம்?" என்று முதல் நாளே ஒருத்தி கேட்டாள்.

"வராது. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க" என்றாள் ஹேமலதா. "ரெண்டு வருசத்துக்கு முன்னால போன் நம்பர்தான் இருந்துச்சு. பெரிய வீட்டுக்காரங்க பத்து தடவ கூப்பிட்டாங்க. ஏசி ஓடலைன்னுகூட கூப்பிட்டாங்க. கூப்பிடத் தெரியாதவங்க உள்ளயே செத்துக் கிடந்தாங்க. அதான் இனிமே யாரும் கூப்பிட வேண்டாம். எந்தக் கூரைக்கு அடியில எத்தன பேரு, கூரை தகரமா, காங்கிரீட்டா, நோயாளி இருக்காங்களான்னு வரைபடத்துக்குத் தெரியும். யாரு சத்தம் பெருசுன்னு அது பாக்காது."

கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தமே போட வராத என்னைப் போன்றவர்களுக்காகச் செய்ததுபோல் இருந்தது.

மார்ச் மாதம் சுத்தம் செய்யும் வேலை வந்தது. செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டடங்களை இயந்திரமே வரைந்திருந்தது. ஆனால் அது கார் கூரையையும் வீடு என்று வரைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் மூடி, தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல் எல்லாமே அதற்கு வீடுதான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள்.

"ஒரு எல்லை வெச்சு அதுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் நீக்கிரலாம்" என்றாள் ஹேமலதா. "இல்லைன்னா வண்டியெல்லாம் போய்த் தண்ணித் தொட்டி முன்னால நிக்கும். எத்தனைன்னு வெக்கலாம்?"

சுவர்த் திரையில் ஒவ்வொரு பகுதியாகப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். ஓடைக்கரை வந்தது. ஓடைக்கும் உப்புக் கிடங்குக்கும் நடுவே, ஒன்றையொன்று ஒட்டி, இரண்டு வரிசையாகச் சின்னக் கட்டங்கள்.

"இதென்ன? கோழிக்கூடா?"

"கோழிக்கூடு இவ்வளவு இருக்காது மேடம்" என்றான் இசக்கிராஜ். "கக்கூஸு வரிசை. மொத்தமா கட்டி விட்டுருப்பானுவ, ஒருத்தனும் போயிருக்க மாட்டான்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். வாய் தானாகவே சிரித்தது.

இரண்டாவது வரிசையில் இடமிருந்து ஆறாவது கட்டம் எங்கள் வீடு. மேலிருந்து அதுவரை பார்த்ததில்லை. கூரையில் காற்றுக்குப் பறக்காமலிருக்க அம்மா வைத்திருந்த பழைய டயர் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. நீளம் மூன்றே முக்கால், அகலம் மூன்று. பதினொன்றேகால் சதுர மீட்டர். அளக்கப் பழகிய நாளிலேயே அளந்திருந்தேன்.

"லீதியா, நீ அந்தப் பக்கம்தானே? ஆசிரியர் காலனி பக்கத்துலதான இருக்குது இது? என்னன்னு தெரியுமா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. சூடான பாத்திரத்திலிருந்து கை விலகுவதுபோல வார்த்தை வந்தது.

"ஷெட்டு மேடம். உப்பு மூட்டை போடுற ஷெட்டு."

"ஆள் இல்லையா?"

"இல்ல."

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. படம் என்ன சொன்னாலும், இயந்திரம் என்ன வரைந்தாலும், அந்த இடத்தைக் கண்ணால் கண்டவர் சொல்லே மேல். அவர் தன் பெயரில் 'நேரில் அறிவேன்' என்று பதிய வேண்டும். பதிந்ததை அவரே காரணம் சொல்லித் திரும்பப் பெற்றாலொழிய வேறு யாரும் மாற்ற முடியாது. மேலதிகாரிகூட முடியாது. உள்ளூர்க்காரரின் சொல்லை வெளியூர்க்காரர் அழித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

ஓடைக்கரையின் நாற்பத்து மூன்று கட்டங்களையும் சுற்றி ஒரு கோடு வரைந்தேன். 'ஆளில்லாக் கட்டடம்.' கீழே என் பெயர். நேரில் அறிவேன்.

அதோடு விடவில்லை. அன்று நிரல் எழுதும் முறை என்னுடையது. 'பரப்பு பதினைந்துக்குக் கீழ் எனில் நீக்கு.' அந்த வரியையும் நான்தான் எழுதினேன். நிரலைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் இசக்கிராஜ் தன் பெயரைப் போட்டான். நிரல் ஓடி முடிந்தபோது ஹேமலதா சொன்னாள்: "எவ்வளவு சுத்தமா இருக்குது பாரு."

சுத்தமாகத்தான் இருந்தது.

அதன்பின் தினமும் அதைத் திருத்த நினைத்தேன். நாளைக்கு, ஹேமலதா தனியாக இருக்கும்போது. நாளைக்கு, இசக்கிராஜ் விடுப்பில் போகும்போது. ஆனால் காரணம் எழுதும் பெட்டி திறந்ததும் கை நின்றுவிடும். எழுதியது அனைவரும் பார்க்கும் சுவர்த் திரையில் ஓடும். 'தவறாகச் சொன்னேன்' என்று எழுதலாம். ஏன் தவறாகச் சொன்னாய் என்று கேட்பார்கள். அங்கே இருப்பவர்களை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சிரித்த ஒன்பது முகங்களில் என் முகமும் இருந்ததே. இப்படியே ஏப்ரல் போனது.

வீட்டில் அம்மாவுக்கு ஒரே பெருமை. ராஜகனி மகள் ஊரையே கம்ப்யூட்டரில் வரைகிறாளாம் என்று உப்பளத்துக்குப் போகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். "இந்தக் கோடையில நமக்கும் வண்டி வருமாட்டி?" என்று ஒருநாள் கேட்டாள். பானையில் சோற்றைக் கிளறிக்கொண்டே, முகம் பார்க்காமல், "வரும்மா" என்றேன்.

மே இருபதாம் தேதி வெப்ப நாள் அறிவித்தார்கள். நாங்கள் முந்தின நாளே அலுவலகத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தோம். உப்பளங்கள் மூடப்பட்டன. சனங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. அந்த வீடு தகரமாக இருந்தால் உள்ளே அடுப்புதான்.

காலை முழுக்கச் சுவரில் வண்டிகள் வெள்ளைப் புள்ளிகளாக ஊர்ந்தன. நன்றாகத்தான் நடந்தது. திரேஸ்புரம் பக்கம் ஒரே மணி நேரத்தில் அறுபது பேரை ஏற்றின. ஹேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு என் கைப்பேசி அதிர்ந்தது. அடுத்த வீட்டுப் பாக்கியம் சித்தி.

"ஏட்டி, எங்க இருக்க? ஒங்கம்மாவுக்குப் பேச்சு கொழறுது. என்னைப் பாத்து யாருன்னு கேக்கா. மேலெல்லாம் நெருப்பா காயுது, வேர்வையே இல்ல."

"தண்ணி ஊத்துங்க சித்தி. துணிய நனைச்சு..."

"ஊத்தியாச்சு. எங்க இருக்கு தண்ணி? பெரிய ரோட்டுல வண்டி போவுது, நம்ம தெருவுக்குள்ள திரும்ப மாட்டேங்கு. நாலு பேரு ஓடிப் போயி மறிச்சாங்க. நிக்குது, ஆனா கதவு தொறக்கல. உள்ள இருக்க நர்சு சொல்லுதா, குறிச்ச வீட்டுக்குத்தான் தொறக்குமாம். நீ அங்கனதான இருக்க, சொல்லுட்டி அவுககிட்ட!"

"சொல்லுதேன் சித்தி."

நான் சொல்லவில்லை.

முதலில், ஓடைக்கரையை ஒட்டிய கிடங்கில் ஆறு நோயாளிகள் இருப்பதாக ஒரு புள்ளி வைத்தேன். அந்த வண்டி வந்தால் சித்தி பிடித்துக்கொள்வாள். 'இது கிடங்கு' என்று நிழல் தள்ளிவிட்டது. அடுத்து, பதினைந்தைப் பத்தாக மாற்றினேன். சரிபார்த்தவர் பெயர் கேட்டது.

"இசக்கி, இதுல ஒன் பேரப் போடேன். சும்மா ஒரு சோதனை."

"இன்னைக்கா சோதனை? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? வண்டியெல்லாம் கெடந்து சுத்திக்கிட்டு இருக்கு."

"ப்ளீஸ்."

என் முகத்தைப் பார்த்தான். வேறெதுவும் கேட்காமல் போட்டான். நிரல் ஓடியது. ஊரெங்கும் முன்னூறு கட்டங்கள் புதிதாக எழுந்தன. எல்லாம் தண்ணீர்த் தொட்டிகளும் காவலாளி அறைகளும். ஓடைக்கரை மட்டும் இருண்டே கிடந்தது. அங்கே என் சொல் இருந்தது. படத்துக்கும் நிரலுக்கும் மேலான சொல்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். ஆம், கழுவினேன். என் அம்மா தகரத்துக்கு அடியில் கிடந்தபோது நான் கண்ணாடி முன் நின்று என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் வீடு என்று சொல்லலாமா? வேலைக்காரம்மா வீடு என்று? எங்கள் வீட்டு வேலைக்காரம்மா. அந்த வார்த்தை மனதில் வந்தபிறகுதான் எனக்கு என்னைப் பார்க்கவே பயமாகி வெளியே வந்தேன்.

காரணம் எழுதும் பெட்டியைத் திறந்தேன்.

'அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.'

'எவ்வாறு அறிவீர்கள்?' என்று நிழல் கேட்டது. எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

'அது என் வீடு.'

மணி ஒன்று இருபத்து மூன்று.

சுவரில், வெள்ளைப் புள்ளிகளுக்கு மேலே, கொட்டை எழுத்தில் என் பெயரும் அந்த மூன்று சொற்களும் ஓடின. நான் தலை நிமிரவில்லை. நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. ஓடைக்கரையில் நாற்பத்து மூன்று கட்டங்களும் சிவப்பாக, மிக அவசரமான சிவப்பாக எரிந்தன. ஐந்து வண்டிகள் ஒன்றாகத் திரும்பின.

"வீடா அது?" என்றான் இசக்கிராஜ் மெதுவாக. பிறகு, "அன்னைக்கே என்னை செவிட்டுல ரெண்டு போட்டுருக்கலாம்ல பிள்ள நீ."

ஹேமலதா கார் சாவியை எடுத்தாள். "எந்திரி. நம்மகிட்ட அனுமதி இருக்குது, போலாம்."

காரை அவளே ஓட்டினாள். பாலம் தாண்டியதும் சொன்னாள்: "கோழிக்கூடான்னு முதல்ல கேட்டது நானுதான். ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்திருக்கோணும். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை."

"நான்தான் மேடம் ஷெட்டுன்னு சொன்னேன்."

"ஆமா" என்றாள். அவள் மறுக்காததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

வண்டிகள் தெருவை அடைத்திருந்ததால் கார் உள்ளே போகவில்லை. தெருமுனையில் இறங்கி ஓடினோம். வண்டிகள் வரிசையாக நின்றன, கதவுகள் திறந்திருந்தன. உள்ளேயிருந்து வந்த குளிரில் தெருவே புகைந்தது. படுக்கைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு வாசலுக்கு மட்டும் யாரும் படுக்கை கொண்டுபோகவில்லை. அங்கே ஈரச் சேலை ஒன்றால் யாரையோ போர்த்தி வைத்திருந்தார்கள்.

"சவரிமுத்து மாமா" என்றாள் பாக்கியம் சித்தி.

"எப்ப சித்தி?"

"இப்பதாம்ட்டி. பத்து நிமிசம் இருக்கும். வண்டி வரும் வரும்னு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

பத்து நிமிடம். நான் கழுவிய முகத்தில் இன்னும் தண்ணீர் காயாதது போல இருந்தது.

அம்மாவை மூன்றாவது வண்டியில் கிடத்தியிருந்தார்கள். கையில் ஊசி ஏறியிருந்தது, கழுத்தடியில் பனிப்பைகள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. வண்டியோடு வந்திருந்த நர்ஸ், சின்னப் பெண், கையில் எழுதுபலகையோடு நின்றாள்.

"கூட ஒருத்தர் ஏறலாம். சொந்தக்காரங்க மட்டும்தான். யாரு இருக்கீங்க?"

நான் முன்னே போனேன். அம்மா கண்ணைத் திறந்தாள். இந்த முறை ஆள் அடையாளம் தெரிந்த கண். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற ஹேமலதாவைப் பார்த்தாள். எங்கள் இருவர் கழுத்திலும் தொங்கிய ஒரே நீல அட்டைகளைப் பார்த்தாள்.

"பாட்டிம்மா, இவங்க உங்க பொண்ணா?"

"இல்லம்மா." நாக்கு தடித்துப் போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எடுத்து வைத்தாள். "இவுக ஆபீஸ்லருந்து வந்துருக்காவ. எனக்கு ஆரும் இல்ல."

பிறகு என்னிடம் சொன்னாள்: "நீங்க போங்க. வெயில்ல நிக்காதீங்க."

பிறந்ததிலிருந்து ஏட்டி என்று மட்டுமே என்னைக் கூப்பிட்ட வாய் அது.

நான் பாக்கியம் சித்தியைப் பார்த்தேன். சித்தி தலை குனிந்துகொண்டாள். குடத்தோடு நின்ற எதிர்வீட்டு மைனி வேறு பக்கம் பார்த்தாள். என்னைத் தூக்கிச் சுமந்தவர்கள், எனக்குப் பேன் பார்த்தவர்கள், அந்தத் தெருவில் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட அம்மா சொன்னதை மறுக்கவில்லை. நர்ஸ் அடுத்த ஆளைத் தேடியபோது எல்லோரும் எனக்காகக் கல்லாக நின்றார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன வேலைபோல இருந்தது.

அலுவலகத்தில் நான் வீட்டை மறைப்பது எவ்வளவு காலமாக அவர்களுக்குத் தெரியும்? யார் முதலில் கண்டுபிடித்து, யாரிடம் சொல்லி, பிள்ளைக்கு அவமானம் வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தார்கள்? இன்றுவரை நான் கேட்டதில்லை.

"அப்ப யாரும் இல்லையா? கதவைச் சாத்தப் போறேன்" என்றாள் நர்ஸ்.

"எங்கம்மா."

சத்தம் வெளியே வரவில்லை.

"என்னங்க?"

"எங்கம்மா இது. ராஜகனி. நான் இவுக மக, இந்தத் தெருப் பிள்ள" என்றேன். கத்தியிருக்க வேண்டும். தெருமுனையில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

நர்ஸ் என் அட்டையையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். ஏறி அம்மாவின் கையைப் பிடித்தேன். கதவு மூடியது. வண்டி ஓடையைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிறுத்துக்கொண்டே போன ஹேமலதாவை நோக்கி, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.